ருவெய்யின் கண்களும் நான் பூட்டிய கதவும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் பள்ளி முதல்வர் அவர்களே, தைனான் நகரத்துப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்னையரே, மூன்றாம் வகுப்பு ஆசிரியை லியாவ் மெய்-சியுவின் பணிவான வணக்கம்.

இன்று என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சந்தையோரம் சிற்றுண்டிக் கடை நடத்தும் செங் குடும்பத்தை அறியாதவர் உண்டா? அவர்களின் ஒரே மகள் யி-ருவெய், என் வகுப்பு மாணவி. எட்டு வயதில் கிட்டப்பார்வைக்கு இருநூறு டிகிரி கண்ணாடி, அதாவது மைனஸ் இரண்டு பவர், ஒன்பதில் முந்நூறு! அது மேலும் ஏறாதிருக்க மருத்துவர் சொட்டு மருந்து தந்தார். தினமும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் விடச் சொன்னார். மருந்து விட்டால் வெளிச்சம் கூசுகிறதென்று அவள் மருந்தோடு மல்லுக்கட்டினாள். மாலை முழுக்கத் தனிப்பயிற்சி. மிச்சமிருந்தது பள்ளி இடைவேளை. அதைப் பறித்தது யார்? நான்தான். கணக்கை முடிக்காத பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துக் கதவைப் பூட்டிய கை, இந்தக் கை!

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவள் தந்தை போ-ஹன் வந்தார். சிறுவயதில் தொடங்கிய கிட்டப்பார்வை ஆயிரம் டிகிரியைத் தாண்டி, நாற்பத்தொரு வயதில் விழித்திரை பிரிந்து, வலக்கண் பார்வையை இழந்தவர். சண்டைக்கு வருகிறாரோ என்று நடுங்கினேன். அவர் தணிந்த குரலில் பேசினார்.

"டீச்சர், நானும் இடைவேளைக்கு வெளிய போகாத நல்ல பையன்தான். எம்பொண்ணு கொஞ்சம் கம்மியா மார்க் வாங்கட்டும். அவள வெளிய விட்டுடுங்க."

கேட்டேன், கூசினேன், கதவைத் திறந்தேன். தாய் சு-சின் தனிப்பயிற்சியைப் பாதியாக்கினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வந்தபின் கூச்சம் குறைந்தது, மருந்துச் சண்டையும் ஓய்ந்தது. மார்க் குறைந்ததா என்கிறீர்களா, அம்மா? குறைந்தது, ஐந்து மார்க். வானம் இடிந்து விழவில்லை!

போன வாரம் ஓராண்டுப் பரிசோதனை. என்னையும் அழைத்துப் போனார்கள். முந்தைய ஆண்டு நூறு ஏறிய கண்ணில் இந்த ஆண்டு ஏறியது இருபத்தைந்துதான்! போ-ஹன் பரிசோதனைத் தாளை இடக்கண்ணருகே பிடித்து இரண்டு முறை படித்தார். சு-சின் மகளின் தோளைத் தொட்டு, "பசிக்குதாடி? வா, இன்னிக்கி வேற யாராவது சமைச்சதச் சாப்பிடலாம்" என்றார். ஓராண்டாய் அடக்கிய மூச்சை அந்தக் குடும்பம் விட்டது, நானும் விட்டேன்.

பெற்றோரே, மருந்தை மருத்துவர் தருவார். மார்க்கை மறு தேர்வு தரும். வெயிலில் விளையாடும் நேரத்தை யார் தருவார்? நீங்களும் நானும்தானே! வரும் திங்கள் முதல் இடைவேளையில் எந்தப் பிள்ளையும் வகுப்பில் இருக்கக் கூடாதென்று முதல்வர் ஆணையிட்டுவிட்டார். அவருக்கும், என்னை மன்னித்த அந்தத் தாய் தந்தைக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.