மூன்றாவது வளைவில் நின்ற கார்

நேரம் மூன்று பத்து. இங்கே ஜெர்மனியில், எசன் நகரில் அதிகாலை மூன்று பத்து... அங்கே, சிலி நாட்டு மலையில், முதல்நாள் இரவு ஒன்பது பத்து. நம்முடைய கிரிதரின் மச்சாள் தேனுஜாவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

மழையையே காணாத மலைத்தொடர் அது. புல் இல்லை, பூச்சி இல்லை. வெறும் கல்லும் தூசியும், தலைக்கு மேலே அள்ளிக் கொட்டிய நட்சத்திரமும்தான். அதற்காகவே உச்சியில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். தேனுஜா எசனில் ஓர் அறையில் இருந்தபடியே கணினியில் அதை இயக்குவாள். அவளுடைய தம்பி சுரேன் ஆறு மாத வேலைக்கு அந்த மலைக்கே போயிருந்தான். அன்றிரவு அங்கே அவன் ஒருவன்தான்.

தொலைநோக்கிக் கூடத்தின் கூரை பாதியில் சிக்கிக்கொண்டது. போய்ப் பார் என்று அவனை அனுப்பியதே தேனுஜாதான். முகாமிலிருந்து உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் மண் பாதை. பெரிய விளக்குப் போட்டால் வானத்தைப் படமெடுக்க முடியாது என்பதால், சின்ன மஞ்சள் விளக்கோடு நடை வேகத்தில்தான் கார் ஏற வேண்டும். தேனுஜா மலைப் பாதையைக் காட்டும் கமராவில் அந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாம் வளைவு... இரண்டாம் வளைவு...

திடீரென்று உச்சிக் கூடத்து மைக்கில் சத்தம். டங்... இரும்புக் கதவு சாத்துப்படுகிற சத்தம். பிறகு சப்பாத்துக் காலடி. பிறகு மூச்சு.

"அக்கா..." சுரேனின் குரல். "கதவு பூட்டுப்பட்டிட்டுது. திறக்க ஏலாமல் கிடக்கு. உள்ளுக்கை இன்னும் ஆரோ நிக்கினம், அக்கா..."

தேனுஜா கமராவைப் பார்த்தாள். கார் இன்னும் மூன்றாவது வளைவில்தான் நிற்கிறது.

கணினியோடு இணைத்திருந்த வோக்கி-டோக்கி கரகரத்தது. காரிலிருந்து சுரேன். நிதானமாக, ஜெர்மன் மொழியில் கேட்டான்... இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது, ஏறட்டுமா, திரும்பட்டுமா என்று.

இரண்டும் ஒரே குரல். எவன் தம்பி?

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நமக்குத் தெரியும்தானே. தாய் புஷ்பராணியோடு மட்டும்தான் தமிழ். அக்காவும் தம்பியும் சண்டை பிடிப்பதும் சமாதானமாவதும் ஜெர்மனில். இருபத்தைந்து வருடத்தில் சுரேன் அவளோடு தனியாகத் தமிழ் பேசியதே இல்லை. ஆகவே தமிழில் கூப்பிடுவது தம்பி இல்லை என்று முடிவு கட்டினாள்.

காரைத் திரும்பச் சொன்னாள். மஞ்சள் புள்ளி மெல்லத் திரும்பியது. மைக்கில் கதவில் அடிக்கிற சத்தம்... டம், டம், டம்.

"அக்கா, என்னை விட்டிட்டுப் போகாதை! அம்மாவாணை நான்தான்..."

அவள் மைக்கை நிறுத்திவிட்டாள்.

விடிந்ததும் அடிவாரத்திலிருந்து மற்ற வேலையாட்கள் மேலே போனார்கள். கதவு வெளியே பூட்டியபடி கிடந்தது. உள்ளே எவரும் இல்லை. கதவின் உட்புறத்தில் மட்டும், மார்பளவு உயரத்தில், தூசி துடைபட்டிருந்தது.

சுரேன் வேலை முடிந்து எசனுக்கு வந்தான். சுகமாகத்தான் இருக்கிறான். புஷ்பராணி புட்டும் மீன்குழம்பும் வைத்தால் வயிறாரச் சாப்பிடுகிறான். ஆனால் தாயோடும் ஜெர்மன்தான். "பிள்ளைக்குக் களைப்பு" என்று அவள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். தேனுஜாவுக்குத்தான் நெஞ்சில் ஒன்று உறைத்தது. உயிர்ப் பயம் வந்தால் மனிதனுக்கு வாயில் வருவது தாயோடு பேசிய மொழிதானே? அதை அன்றைக்கு யோசிக்கவில்லையே என்று கிரிதரிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

போன வெள்ளி இரவு அவளுக்கு வேலை. வீட்டில் தாயும் சுரேனும் மட்டும். பயத்தை அடக்கிக்கொண்டு, நிறுத்திவைத்திருந்த மைக்கைத் திறந்தாள். நெடுநேரம் வெறும் காற்று. பிறகு காற்றும் நின்றது. மெல்ல... மிக மெல்ல...

"அக்கா... இப்ப அம்மாவோடை வீட்டிலை நிக்கிறது ஆர்?"