அவருடைய இடது பக்கம்

வரால் மீனைக் குடம்புளி போட்டு வைத்தால் அன்றைக்கே சாப்பிடக் கூடாது சார், மறுநாள்தான் ருசி. குட்டநாட்டில் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர் கிடையாது, என் கணவர் அவுசேப்பைத் தவிர. முப்பத்துநாலு வருடமாக உப்பு, காரம், என் நடை, நான் சிரிக்கும் விதம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பயணிகள் படகு ஓட்டியவர். அத்தனை பெரிய படகைக் கரையில் உரசாமல் அணைக்கிற கண் அவருக்கு. வீட்டுக்கு வந்தால் அந்தக் கண் என்மேல்தான் நிற்கும்.

போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கோலூன்றி நடக்கும் அளவுக்குத் தேறினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சோறு வைத்தேன். தட்டின் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "மீன் எங்கடி த்ரேசியா? பூனைக்குப் போட்டுட்டியா?" என்றார். மீன் தட்டின் இடது பாதியில் இருந்தது.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல சேச்சி" என்றார் டாக்டரம்மா. "மூளை இடது பக்கத்தைக் கணக்குலயே எடுத்துக்கல. அங்க ஒண்ணு குறையுதுன்னு அவருக்கே தெரியாது. இருக்க வேண்டியதை மனசே போட்டு நிரப்பிக்கும்." பாதி தின்றதும் தட்டைத் திருப்பி வைக்கச் சொன்னார். சிவப்புப் பட்டை ஒரு சுருள் கொடுத்து, எல்லாவற்றின் இடது ஓரத்திலும் ஒட்டச் சொன்னார். சிவப்பு தெரிகிறவரை அவர் தலையைத் திருப்ப வேண்டும். அதுதான் பயிற்சி.

ஒட்டினேன். எங்கள் வீட்டுப் படகுத்துறையின் இடது விளிம்பிலும் ஒட்டினேன். எட்டரை மணிப் படகை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்க அவர் தினமும் அங்கே போவார். சிவப்பைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு சாண் இப்பால் காலை வைத்து, பலகையில் உட்காருவார். ஒருநாளும் தப்பியதில்லை.

ஒரு மதியம் நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "எங்க போய்த் தொலைஞ்சா இவ?" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினார். நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். பதில் சொல்லவில்லை. கத்திக் கத்தி அலுத்துத் தூங்கிப்போனார். சாறு முழங்கை வரை வழிய அந்தப் பழத்தைத் தின்றேன். கல்யாணமான பிறகு நான் நிம்மதியாகத் தின்ற முதல் பழம் அது. அதன் பிறகு நான் அந்தப் பக்கத்திலேயே குடியிருந்தேன்.

தட்டைத் திருப்ப முதலில் சில நாள் மறந்தேன், பிறகு திருப்பவே இல்லை. தட்டில் ஒட்டிய பட்டை கழுவும்போது போய்விட்டது. பதினோரு கிலோ இளைத்தார். பாதி முகம் மழித்து, பாதி தாடியோடு வாசலில் நிற்பார். "என்ன அவுசேப்புச் சேட்டா, பாதி மாப்பிள்ளை ஆயிட்டீங்க?" என்று பக்கத்து வீட்டுச் சரசம்மா கிண்டல் செய்வாள். "அவ கிடக்கிறா, பைத்தியக்காரி" என்பார் என்னிடம். நான் திருத்தவில்லை. இதையெல்லாம் கெடுதல் என்று சொல்ல முடியாது சார். தெரிந்ததைச் சாப்பிட்டார், தெரிந்ததை மழித்துக்கொண்டார்.

ஆனால் பயிற்சியை மட்டும் அவர் விடவில்லை. போன சனிக்கிழமை நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தேன். அவர் தலை மெல்லத் திரும்பியது. கதவோரச் சிவப்பைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. "நீ இங்கதான் இருந்தியா? என்னடி சீவல் இது, கோழி கிளறின மாதிரி?" என்றார். குளிக்கிற இடத்தில் யாரோ கதவைத் திறந்தது போலக் கூசிப்போனேன். "ரெண்டே மாசம் சேச்சி, எல்லாம் தெரிய ஆரம்பிச்சுடும்" என்று டாக்டரம்மா போனில் சந்தோஷப்பட்டார். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதுவும் போகப்போகிறது.

திங்கட்கிழமை காலை பார்த்தேன், மழையில் துறைப் பட்டையின் ஓரம் எழும்பியிருந்தது. உரித்தெடுத்தேன். துறைக்கு இடப்பக்கம், இரண்டு முழம் தள்ளி, தண்ணீருக்குள் வள்ளம் கட்டுகிற கம்பம் நிற்கிறது. அதில் ஒட்டினேன். அங்கே நன்றாகத் தெரிந்தது.

எட்டே காலுக்கு வந்தார். தலையைத் திருப்பினார், சிவப்பைப் பிடித்தார், அதற்கு ஒரு சாண் இப்பால் காலை வைத்தார். அங்கே துறைப் பலகை இருப்பதாக அவர் மனசு நிரப்பிக்கொண்டது. நான் அவரைத் தொடவே இல்லை.

இரண்டு முறை தண்ணீருக்கு மேலே வந்தார். "த்ரேசியா, எங்க இருக்க? த்ரேசியா" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் ஒரு குறையும் சொல்லவில்லை. வலப்பக்கமே தேடிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல இந்தப் பக்கம் நின்றேன்.

வள்ளம் தள்ளுகிற கழி என் காலடியிலேயே கிடந்ததே, ஏன் எடுத்து நீட்டவில்லை என்று கேட்கிறீர்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து இவ்வளவு சொன்னவள் அதில் மட்டும் பொய் சொல்வேனா சார்? கழி எனக்கு இடப்பக்கம் கிடந்தது. என் கண்ணில் படவில்லை.