லென்ஸில் மூடி

கிட்ட வந்து உட்காருங்கள். செல்போனை உள்ளே வையுங்கள்.

இது நம் சர்தார் பாஷாவின் மச்சானுடைய தோஸ்த் ஹரிஹரனுக்கு நடந்தது. ஆம்பூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஸ்டூடியோ என்று சொன்னால் கோபம் வரும்... ‘விஷுவல் லேப்’.

ராத்திரி பதினொன்றரை. தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மண்பாதை. ஒரு நாய்கூட இல்லை. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை. ஹரிஹரன் பைக்கில் வந்தான். அன்று சாயங்காலம் அங்கேதான் இருதயராஜை அடக்கம் செய்திருந்தார்கள். அதற்கு முன் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது; எடுத்தவன் இவன்தான். பிறகு துக்க வீட்டிலேயே சாப்பிட்டு, படங்களைத் தானே தரம் பிரிக்கும் தன் கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் பெருமையை அவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் கிளம்பினான்.

இருதயராஜின் மனைவி செண்பகம் கேட்டது ஒன்றுதான். “கண்ணு தொறந்தா மாதிரி ஒரு போட்டோ குடு தம்பி. மாட்டி வச்சிக்கிறேன்.”

“கவலைய வுடுக்கா. கண்ணு மூடுனது, ஆடுனது எல்லாத்தையும் சிஸ்டமே கடாசிடும். நல்லா இருந்தா அதுவே ஸ்டார் போடும்.”

“செத்தவரு எங்கடா ஆடப் போறாரு?” என்றார் அவள் அண்ணன் சாமுவேல்.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் தாண்டும்போது, முதுகுப் பைக்குள்... க்ளிச்.

கேமராவை அணைத்துத்தான் வைத்திருந்தான். வண்டியை நிறுத்தவில்லை.

ஸ்டூடியோவில் கேமராவை மேஜைமேல் வைத்தான். கார்டைக் கழற்றுவதெல்லாம் பழைய ஆட்கள் வேலை. இவன் படங்கள் வைஃபையில் தானே கம்ப்யூட்டருக்குப் போகும். போயின. இருதயராஜின் படங்கள் வரிசையாகக் குப்பையில் விழுந்தன: ‘கண் மூடியிருக்கிறது.’

ஒன்று மட்டும் விழவில்லை.

இருதயராஜின் முகம். பக்கத்தில் படுத்துக்கொண்டு எடுத்ததுபோல். சுற்றிலும் பெட்டியின் வெள்ளைத் துணி, மேலே மூடிப் பலகை. கண் திறந்திருந்தது. எடுத்த நேரம்: பதினொன்றரை.

க்ளிச்.

மேஜைமேல் கேமரா. லென்ஸில் மூடி போட்டபடியே இருந்தது. இன்னொரு படம் வந்தது. வந்ததும் குப்பைக்குப் போனது. ‘ஆள் அசைந்துவிட்டார்.’

க்ளிச். ‘அசைந்துவிட்டார்.’ க்ளிச். ‘அசைந்துவிட்டார்.’

பேட்டரியைப் பிடுங்கினான்... க்ளிச்.

சாமுவேலுக்குப் போன் போட்டான். “அண்ணே... பெட்டிக்கு மூடி போடறப்ப... மாமாவ நல்லா பாத்தீங்களா?”

“இன்னாடா, குடிச்சிருக்கியா?”

சொல்லிவிடலாம். ஓடிப்போய்த் தோண்டலாம். உள்ளே வெறும் பிணம்தான் என்றால்? ஹரிஹரனின் சிஸ்டம் பொணத்தை ஆட வைத்தது என்று ஆம்பூரே சிரிக்கும்.

“ஒண்ணுமில்லண்ணே. சாஃப்ட்வேர்ல சின்ன கோளாறு. அப்டேட் போட்டா சரியாய்டும்.”

போட்டான். கோடு மெல்ல ஏறியது. க்ளிச் சத்தம் முதலில் மழைபோல்... அப்புறம் விட்டு விட்டு... அப்புறம் ஒன்று.

பள்ளிவாசலில் விடியற்காலை பாங்கு சொன்னபோது அப்டேட் முடிந்திருந்தது. ஒரே ஒரு புதுப் படம். வெளிச்சம் கச்சிதம். செண்பகம் கேட்டபடியே கண் இரண்டும் திறந்திருந்தன. துளி அசைவில்லை.

அஞ்சு ஸ்டார்.