கௌதமன் பெயரில் ஓர் இறால்

நாமக்கல் மாவட்டத்துக்குக் கடல் இல்லை என்ற குறையை உலக விலங்கியல் இனிப் பொருட்படுத்தாது என்பதை முதலில் பணிவன்புடன் அறிவித்துக்கொள்கிறேன். ராசிபுரம் பக்கம், இரண்டு கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், பவளப்பாறையில் வாழும் புதிய இறால் இனம் ஒன்று கண்டறியப்பட்டது. நொய்யரிசி அளவுதான் இருக்கும். கண்டறிந்தவன் பேராசிரியர் சென்னிமலையாகிய நான். இன்ஸ்பெக்டர் அம்மா, வாக்குமூலத்தில் இனப்பெயர் வரும் இடங்களில் சாய்வெழுத்து போடச் சொல்லுங்கள். அதுதான் முறை.

கௌதமன் என் துறையில் இளையவர். அவரைக் கூட்டுச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. புதிய உயிரினத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அநாகரிகம். கூட எழுதுகிறவர் வைக்க வேண்டும். நாம் கூச்சப்பட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து அனுமதியோடு பவளத்துண்டுகளை வரவழைத்ததும், நுண்ணோக்கியில் குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்ததும் நான். அவர் படம் வரைந்தார். கூச்சப்பட நான் தயாராக இருந்தேன்.

அவரோ தாளாளர் சின்னண்ணனிடமே போய், அவருடைய தாயார் கண்ணாத்தாள் பெயரை வைப்பதாகச் சொல்லிவிட்டார். தாளாளர் போர்வெல் வண்டிகளில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். பூமிக்கடியில் ஆயிரம் அடி போனவருக்குக் கடலுக்கடியிலும் குடும்பப் பெயர் இருப்பது பிடித்துப்போயிற்று. துறைத்தலைவர் பதவி கௌதமனுக்குத்தான் என்று பேச்சு கிளம்பியது.

ஒப்பிட்டுப் பார்க்க நன்னீர் இறால் வேண்டும் என்று இருவரும் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனோம். மதகுப் படியில் வைத்து அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க சார், இத்தன நாளா இதுக்குத்தான் டீ வாங்கிக் குடுத்தீங்களா?" என்று சிரித்தார். "கண்ணாத்தாள்னு வெச்சா எனக்கு ஏசி ரூமுங்க. சென்னிமலைன்னு வெச்சா என்னங்க கெடைக்கும்?"

"மனசாட்சி இருக்குதுங்களா, கௌதமன்?"

"அட, கோவிச்சுக்காதீங்க. அடுத்து ஏதாச்சும் அட்டை சிக்கட்டும், உங்க பேரே வெச்சறலாமுங்க."

கடல் உயிரியல் படித்த எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. தோளில் கை வைத்தேன். தண்ணீருக்குள் போய்விட்டார். உடனே வலைக்கம்பை நீட்டினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டார். பிறகு, அவர் விடும் வரை கம்பைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தேன். படியில் பாசி என்றேன், எல்லோரும் நம்பினார்கள்.

இரங்கல் கூட்டத்தில் தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா பேரு இருக்கட்டும் சாமி. போன புள்ள பேரையே வெச்சுருங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. எங்கள் கல்லூரியில் இரங்கலுக்கும் கைதட்டுவார்கள். கௌதமனின் மனைவி கிருத்திகா என் கையைப் பிடித்து, "நீங்க தெய்வமுங்க சார்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதை அவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பெயரையே வைத்து எழுதினேன். கொலை செய்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். செத்தவரை உலகம் உள்ள வரை நிலைக்கச் செய்தவர் எத்தனை பேர்? மரபுப்படி, இனப்பெயரை அடுத்து அதை விவரித்தவர் பெயர் வரும். அவர், பக்கத்திலேயே நான். நல்ல நண்பர்களாகத்தான் இருந்திருப்போம்.

யாருமே சந்தேகப்படாதபோது ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நேற்று ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரிந்த பழைய இறால்தானாம். புது இனத்தின் அடையாளம் என்று நான் எழுதியது வேறொன்றுமில்லை, கொடுக்கில் ஒரு முள் ஒடிந்திருக்கிறது.