வாயில்லாத தொலைபேசி

“நீங்க சிரிக்கிறதா இருந்தா சொல்ல மாட்டேன்.”

“பீடிகை போடாம சொல்லித் தொலைடா. கரண்ட் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை?”

மெழுகுவத்தியைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். கதை சொல்ல வந்தவன், எங்கள் சோடாபுட்டி, தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். அவன் சித்தப்பாவுக்கு நடந்ததாம். பத்திரிகையில் கொலைச் செய்தி எழுதுகிறவர்.

இருட்டத் தொடங்கும் நேரம். மூடிக் கிடக்கும் ஆலை, எதிரே ரயில் பாதை, நடுவில் ஆளில்லாத சாலை. தூறல். கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொல்லும் ஒருவன் பிடிபடாமல் திரிந்த சமயம். நான்காவது உடல் அங்கேதான் கிடந்தது. சித்தப்பா முதலில் போய்விட்டார். பின்னாலேயே போட்டிப் பத்திரிகைக்காரர், கட்டையன், மூச்சிரைக்க வந்தார். நெடுநாள் சிநேகிதர்கள்தான். செய்தி என்று வந்தால் மட்டும் கீரியும் பாம்பும்.

“இன்னிக்கும் எனக்கு முன்னாடியா மாப்ளே?”

“காலை நீளமாக்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்.”

அந்தச் சாலையில் ஒரே ஒரு தொலைபேசிக் கூண்டு. சித்தப்பா அலுவலகத்துக்குச் செய்தியைச் சொல்லி முடித்ததும், ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகி, உள்ளேயிருந்த வட்டத் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்தவன் செய்தி சொல்லிவிடாமலிருக்க அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற குறும்பு. தகடு இல்லாவிட்டாலும் எண் சுழலும், மணி அடிக்கும், எதிராளி பேசுவது கேட்கும்... நம் குரல் மட்டும் போகாது.

அலுவலகம் திரும்பியதும் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மௌனம்.

“யாரு, கட்டையனா? நல்லா சத்தமாப் பேசு மாப்ளே!”

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வைத்தார். கட்டையனுக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும்.

காலையில் கூண்டுக்குள் கட்டையன் கிடந்தார். கழுத்தில் கயிறு. ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. காவல் நிலையத்துக்கும் பேச்சில்லாத அழைப்புகள் வந்தனவாம். யாரோ விளையாடுவதாக நினைத்து வைத்துவிட்டார்கள்.

“ஐயோ...” என்றான் எங்களில் ஒருவன்.

சித்தப்பா தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தடயத்துக்காகப் போலீஸ்காரர்கள் கூண்டையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அறுந்த ஒயர் மட்டும் சேற்றில் கிடந்தது.

அன்று மாலை மேசைத் தொலைபேசி அடித்தது. காதில் வைத்தால், மழைச் சத்தம். வெளியே மழை இல்லை. பிறகு, மூச்சு வாங்கியபடி...

“மாப்ளே, வச்சிடாத. அவன் வெளியவே நிக்கிறான்.”

“கதவை இழுத்துப் பிடிச்சுக்கோடா! நான் வர்றேன்! இதோ வர்றேன்டா!”

சித்தப்பா போட்ட கூச்சலில் அலுவலகமே எழுந்து நின்றது.

“மாப்ளே... கேக்குதா? ஏன்டா பேச மாட்டேங்கற?”

கீச்சென்று கதவு திறந்தது. கால்கள் உதைக்கும் சத்தம். கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது... அதிர்ந்தது... நின்றது. ரிசீவரின் துளைகளிலிருந்து ஈரச் சணலின் வாடை. சித்தப்பாவால் அதைக் கீழே வைக்க முடியவில்லை.

மறுமுனையில் யாரோ ரிசீவரை எடுத்தார்கள். நிதானமான, மரியாதையான குரல்.

“சார், நீங்க கத்தினது எனக்கு நல்லா கேட்டுச்சு. உங்க பேரையும் கொஞ்சம் சொல்லுங்களேன்...”