பீடி குடிக்காதவங்களுக்கு வர்றது

வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஸ்கேன் கவர். அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

“எனக்கு வந்தது பீடி குடிக்காதவங்களுக்கு வர்ற நுரையீரல் கேன்சராம், மல்லிகா.”

“அப்படி ஒண்ணு இருக்குதா அண்ணி?”

“இருக்குதாம். அதுலயும் பொம்பளைங்கதான் ஜாஸ்தியாம். சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க இல்ல, அதுல தெரிஞ்சுதான் இந்த மாத்திரையே குடுத்திருக்காங்க. கட்டி பாதிக்கு மேல சுருங்கிடுச்சுன்னு இன்னைக்குச் சொல்லிட்டாங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதாம்.”

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ எங்கண்ணன் பீடிப் புகையால வரலியா?”

“அதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னாரு டாக்டரு. நீதான் தீர்ப்பு சொல்லி அவருகிட்ட பேச்சையே நிறுத்திட்ட. அவரும் பீடிய விட்டுட்டு, பைத்தியம் புடிச்சாப்பல உக்காந்திருக்காரு.”

“அதுக்குன்னு மறுபடி குடிக்கச் சொல்லிடாத.”

“நான் ஏன் சொல்றேன்?”

அந்த அண்ணன் அவர்களுக்கு முன் இருக்கையில் தலையைத் திருப்பாமல் இருந்தார். வேங்கிக்கால் தாண்டியதும் மல்லிகா அவர் தோளைத் தட்டினார்.

“ஏண்ணா, பொங்கலுக்கு நீ சீரா கொண்டாந்து நான் திருப்பி அனுப்பின சேலைய யாருக்காச்சும் குடுத்துட்டியா?”

“பீரோல இருக்குது. கலர் புடிக்கலன்னா சொல்லு, மாத்திக்கலாம்.”

“கலரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”