கதவுக்கு எந்தப் பூச்சு?

— நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த மேட் பெயிண்ட் டப்பாவை மூடுங்க. கதவுக்கும் பளபளா எனாமலே அடிச்சிடுங்க.

— முஹையோ, விடிஞ்சதுல இருந்து நீ மாத்தி மாத்திச் சொல்லி, பிரஷ்ஷைக் கழுவியே என் கையெல்லாம் டர்பன்டைன் நாத்தம்.

— நாறட்டும். நம்ம பையன் உல்மஸுக்குப் பாத்திருக்கிற பொண்ணோட அத்தை கோகந்துல இருந்து கட்டில் பீரோவுக்கு அளவெடுக்க வந்துக்கிட்டிருக்கா. அவங்க வீட்டுல ஜன்னல், கதவு, நிலையெல்லாம் முகம் பாக்கலாம் போல மின்னுது. நம்ம ரூம் மட்டும் சாம்பல் பூசினாப்ல கிடக்கணுமா?

— ஜன்னலுக்குப் பளபளா போட்டாச்சே, நான் தடுத்தேனா? கை பட்டா துடைச்சுக்கலாம், நல்லதுதான். கதவுக்குத்தான் வேண்டாங்கிறேன். பளபளா பெயிண்ட் கோள்மூட்டி மாதிரி. மரத்துல இருக்கிற குத்தம் குறையை எல்லாம் ஊருக்குச் சொல்லிப்புடும்.

— கதவுல இருந்த அந்த நாலு ஓட்டையையும்தான் பட்டி வச்சு அடைச்சிட்டீங்களே!

— அடைச்சேன், உப்புத்தாள் போட்டும் தேய்ச்சேன். ஒரு கோட்டிங் பளபளா அடிச்சும் பாத்தாச்சு. இப்படி சாஞ்சு நின்னு பாரு. வெளிச்சம் படட்டும்.

— அல்லாவே... நாலும் தெரியுதே! அம்மைத் தழும்பு மாதிரி.

— அதான் சொல்றேன். மேட் வெளிச்சத்தை முழுங்கிடும். தடவிப் பாத்தாதான் தெரியும்.

— அப்ப மேட்டே அடிங்க. இல்ல, இருங்க இருங்க. ஜன்னல் மின்னி கதவு மட்டும் மங்கினா, ஏன்னு கேப்பாளே? ஜன்னலையும் மேட்டா மாத்திடலாமா?

— காயறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும். கேட்டா உள்ளதைச் சொல்லு. முத மருமக நஃபீசா இருந்தப்ப இந்த ரூமுக்கு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தோம்னு சொல்லு.

— வாயை மூடுங்க! நோஞ்சான் பொண்ணு, குடும்பம் நடத்த முடியாமப் போயிட்டான்னு இவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். புருஷன் வெளிநாட்டுல, கசான்ல கட்டட வேலையில இருக்கான், இவ சொல்லாம கொள்ளாம அம்மா வீட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தா ஊரு என்ன பேசும்? அதுக்காக ராத்திரியில மட்டும்...

— பகல்லயும்தான்.

— கொண்டியை மாட்டினது யாரு, நானா? திருப்புளி பிடிச்சது உங்க கைதானே?

— என் கைதான். நீ சொன்ன, நான் மாட்டினேன். உள்ள இருந்து அவ, 'மாமா, மாமா'ன்னு கூப்பிட்டா. காது கேக்காதவன் மாதிரி டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். வெட்கமா இருக்குடி.

— வெட்கத்தை அப்புறமா படுங்க. உல்மஸ் அவ போனதுல இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசினதில்ல. இந்தச் சம்பந்தமும் முறிஞ்சா கசான்லயே தங்கிடுவான், நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். சொல்லிட்டேன், ஆமா... ஐயோ, வாசல் கேட் திறக்கிற சத்தம்! கதவை வெளியே தள்ளி, செவுத்தோட ஒட்டி வைங்க. தழும்பு மறைஞ்சிடும். வாங்க சம்பந்தி, வாங்க! ரோஹத்தம்மா, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே. முதல்ல டீ, சம்சா. அப்புறம் அளவெடுக்கலாம்.

— ஐயோ கண்ணு, சம்சா எங்கயும் ஓடிப் போகாது. டேப்பு இந்தா இருக்கு. அடேயப்பா, ஜன்னல் என்னமா மின்னுது! எங்க பொண்ணு ஸெவாராவுக்கு ரொம்பப் பிடிக்கும். கதவு எப்படி? பீரோ சேரணும்ல, கொஞ்சம் இப்படித் திருப்புங்க, பாப்போம்.

— பெயிண்ட் ஈரம் சம்பந்தி, உங்க பட்டு உடுப்புல ஒட்டிக்கும்!

— ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது, நமக்கென்ன. தோஜிபாய் அண்ணே, நீங்க திருப்புங்க.

— இந்தாங்க.

— ம். இது என்ன, நாலு புள்ளி?

— அதுவா... கோதுமை மூட்டை போட்டு வச்சிருந்த ரூம். கழுதை, ஆடு உள்ள பூந்துடக் கூடாதுன்னு ஒரு கொண்டி...

— இல்ல சம்பந்தி. கோதுமையும் இல்ல, ஆடும் இல்ல. எங்க மருமகளை உள்ள வச்சுப் பூட்டினோம். அதுக்குப் போட்ட கொண்டி. அவ நோஞ்சானும் இல்ல. நாங்கதான் அவளை ஓட வச்சோம்.

— பாவி மனுஷா! மகன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்களே!

— அழாதீங்க முஹையோ. ஆடு கதையை நான் நம்பல. நான் வாக்கப்பட்ட வீட்டுக் கதவுலயும் இதே உசரத்துலதான் கொண்டி இருந்துச்சு. உள்ள உக்காந்திருந்தவளுக்கு அந்த உசரம் மறக்குமா?

— சம்பந்தி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கல்யாணத்தை நிறுத்திடாதீங்க. என் பிள்ளை திரும்பி வர மாட்டான்.

— ஸெவாரா உங்க பிள்ளை மேல உசிரையே வச்சிருக்கா. அண்ணன் வாயைத் திறக்காம இருந்திருந்தா, அவ அழுதாலும் பரவாயில்லன்னு டேப்பைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பியிருப்பேன்.

— அப்ப... நிறுத்தலையா? நீங்க எது சொன்னாலும் சரி. மேட்டா, பளபளாவா? நீங்களே சொல்லுங்க, இப்பவே அடிக்கச் சொல்றேன்.

— ரெண்டும் வேண்டாம். கதவைக் கழட்டிடுங்க அண்ணே. இந்த நிலைக்கு அளவெடுத்துக்கிறேன். கட்டில், பீரோ, மெத்தையோட இந்தத் தடவை கதவும் எங்க சீர்தான். அதுல தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும்.